காலுக்கு வேலை இருக்கா, பாஸ்?

செமஸ்டர் முடிஞ்சு மூட்டையைக் கட்டியாச்சா? ஊர்க்காத்து எப்படி இருக்கு?

நானும் போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, திருச்சுழி ரோட்டில் இறங்கி, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம் காவல் நிக்க கரிசக்காட்டு வழியா ரெண்டு கிலோமீட்டர் நடந்தா அக்கா வீடு. வாசல் முழுக்க மிளகாய் வத்தல் காயுது. தும்மிக்கிட்டே உள்ளே நுழையறேன், தண்ணி சொம்பை நீட்டினபடியே அக்கா ஆரம்பிச்சுடுச்சு.

''தம்பி, இவன் காலுக்கு என்னமோ வாங்கணும்ங்கிறான். பதினெட்டாயிரமாம். செருப்பாடா அது?''

செருப்பு இல்லை மக்களே. ரட்டர் பெடல்! கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும்போது காலால் மிதிக்கிற சாமான்.

நம்ம மாப்ளே (அக்கா மகன்) மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம். ஒரு வருஷமா ஃப்ளைட் சிமுலேட்டர் பைத்தியம். அருப்புக்கோட்டையில் ஒரு மொபைல் கடையில் சனி, ஞாயிறு வேலை பார்த்து 14,000 ரூபாய் சேர்த்து வச்சிருக்கான். மீதி 4,000-க்கு அக்காகிட்ட மனு. அந்த 4,000 வாசல்ல காயுது பாருங்க, அந்த வத்தல்! மானாவாரி மிளகாய். மழை ஏமாத்தாம இருந்ததால இந்த வருஷம் ஏதோ கைக்கு வந்திருக்கு.

''மாமா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அம்மா குடுக்கும்''னு பய என் தலையில் பாரத்தை இறக்கிட்டான். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா இந்த விஷயத்தில் என் ஜாதகம் அப்படி. முதல் மாச சம்பளத்தில் கார் ரேஸ் விளையாட ஸ்டீயரிங் வீல் வாங்கினவன் நான். மூணு மாசம் சுத்தினேன். அப்புறம் அதில் எங்கம்மா வெங்காயக் கூடையை மாட்டிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் கூடைதான் ஓடுது!

அதனால ரெண்டு நாள் உட்கார்ந்து, ரெண்டு பேருமா இதை அலசினோம். பெடல் வாங்கலாமா வேணாமான்னு உங்க ஹாஸ்டலிலும் ஒருத்தர் தவிச்சுக்கிட்டு இருப்பார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த வாரம்.

மிதிச்சா என்ன ஆகும்?

ரட்டர்னா சுக்கான். படகுக்குப் பின்னாடி இருக்கிறது மாதிரி, விமான வாலில் செங்குத்தா நிக்கிற துடுப்பின் பின்பாதி. இடது பெடலை முன்னால தள்ளினா மூக்கு இடது பக்கம் திரும்பும். வலது பெடல் அதே அளவுக்குப் பின்னால வரும். சைக்கிள் ஹேண்டில்பாருக்கு இது நேர் எதிர், கவனிச்சீங்களா? ஹேண்டில்பாரின் இடது முனையைத் தள்ளினா வண்டி வலது பக்கம்ல திரும்பும்! புதுசா மிதிக்கிறவங்க முதல் நாள் குழம்புறது இதனாலதான்.

பெடலின் நுனியை மட்டும் பாதத்தால் அழுத்தினா பிரேக். இடது சக்கரத்துக்குத் தனி, வலது சக்கரத்துக்குத் தனி. ''இது என்ன கூத்து, ரெண்டு பிரேக்கு?''ன்னு அக்கா கேட்டுச்சு. மாப்ளே டக்குனு சொன்னான்: ''அம்மா, நம்ம ஊர் டிராக்டர்ல ரெண்டு பிரேக் இருக்குல்ல?''

கரெக்ட்! உழும்போது வரப்பு ஓரத்தில் வண்டியைச் சட்டுனு திருப்ப ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதிப்பாங்க. ரோட்டுக்கு வந்ததும் ரெண்டையும் கொக்கி போட்டு ஒண்ணாச் சேர்த்துடுவாங்க. விமானம் தரையில் திரும்பறதும் அதே டெக்னிக்தான். காலால் மெஷினை ஆளறது நம்ம ஊருக்குப் புதுசே இல்லை பாஸ். அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்களில் குழித்தறி பார்த்திருக்கீங்களா? கை நாடாவை ஓட்டும். குழிக்குள்ள கால் மாத்தி மாத்தி மிதிச்சு பாவைப் பிரிக்கும். நெய்யறவர் காலைக் குனிஞ்சு பார்க்கவே மாட்டார். பைலட்டும் அப்படித்தான்.

வளையறதுக்கு இல்லையா அது?

பெரிய தப்பெண்ணம் ஒண்ணு இருக்கு. ரட்டர்தான் விமானத்தைத் திருப்புதுன்னு நினைக்கிறோம். இல்லை. விமானம் பைக் மாதிரி சாய்ஞ்சுதான் வளையும். சாய்க்கிறது இறக்கையில் இருக்கிற அய்லரான். அது கையில் இருக்கிற ஸ்டிக்கில்.

அப்ப காலுக்கு என்ன வேலை? வலது பக்கம் சாய்க்கும்போது இடது இறக்கை மேலே எழும்பும். எழும்பற இறக்கைக்குக் காற்றின் இழுவையும் கூடும். அதனால மூக்கு ஒரு நொடி தப்பான பக்கம், இடது பக்கம் இழுக்கும். அதை வலது காலால் லேசா மிதிச்சு நேராக்கணும். காக்பிட்டில் வளைஞ்ச கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு சின்னப் பந்து உருளும். பந்து எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கக் காலை மிதி. அவ்வளவுதான் சூத்திரம்!

இவங்களுக்குக் கட்டாயம் வேணும்

ஒண்ணு, வால் சக்கர விமானம் ஓட்டறவங்க. ரெண்டாம் உலகப் போர் காலத்து மஸ்டாங், ஸ்பிட்ஃபயர் வகையறா. தரையில் ஓடும்போது கொஞ்சம் அசந்தா வால் முன்னால வந்து நிக்கும். புரொப்பெல்லர் வேற ஒரு பக்கமா இழுக்கும். காலுக்கு ஓய்வே கிடையாது.

ரெண்டு, ஹெலிகாப்டர். அங்கே பெடல் வால் விசிறியைக் கட்டுப்படுத்துது. மேலே இருக்கிற பெரிய விசிறி ஒரு பக்கம் சுத்தினா உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தப் பார்க்கும். அதைப் பிடிச்சு நிறுத்தறது காலு. ஒவ்வொரு தடவை பவரை ஏத்தி இறக்கும்போதும் மிதி மாறணும்.

மூணு, பக்கக் காற்றில் தரையிறங்கிப் பழகறவங்க. மதுரை ஏர்போர்ட்டையே எடுத்துக்குங்க. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் காரியாபட்டி, வலையங்குளம் தாண்டிப் போவோமே, அதேதான். அதன் ஓடுபாதைக்குப் பேர் 09/27. அதாவது 90 டிகிரி, 270 டிகிரி. அச்சு அசலா கிழக்கு மேற்கு. நம்ம பக்கம் ஆடிக்காத்து மேற்கேயிருந்து அடிக்குது; விமானம் காற்றுக்கு எதிர்முகமா இறங்கறதுதான் வசதி. சரி, காற்று கொஞ்சம் விலகி 240 டிகிரியிலிருந்து 20 நாட் வேகத்தில் வந்தா? 30 டிகிரி வித்தியாசம். சைன் 30 அரை. ஆக 10 நாட் பக்கவாட்டில் தள்ளும். (பாருங்க, ப்ளஸ் டூ டிரிக்னாமெட்ரி உதவுது!) அதைச் சமாளிக்க விமானம் மூக்கை நண்டு மாதிரி ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டு வரும். சக்கரம் தரையைத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, காலால் மூக்கை ஓடுபாதைக்கு நேராக்கணும். அந்த மூணு நாலு நொடிதான் பெடலின் பெருமை.

இவங்களுக்கு அவசரமே இல்லை

ஏர்பஸ், போயிங் ஓட்டறவங்களே, கோவிச்சுக்காதீங்க. வானத்தில் மூக்கை நேராக்கற வேலையைப் பெரிய ஜெட் விமானத்தில் மெஷினே பார்த்துக்கும். ஓடுபாதையில் ஓடும்போது, பக்கக் காற்றில் இறங்கும்போது, ஒரு என்ஜின் கெட்டுப்போனா... கால் இவ்வளவுக்குத்தான். மத்த நேரம் பைலட்டின் கால் சும்மா இருக்கணும். அதுவே ஒரு பாடம்.

2001 நவம்பர் 12. நியூயார்க்கில் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, ஏர்பஸ் ஏ300. முன்னால போன விமானம் கிளப்பிவிட்ட காற்றுச் சுழலில் லேசா ஆடுச்சு. துணை விமானி ரட்டரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாத்தி மாத்தி ஓங்கி மிதிச்சார். சில நொடிகளில் வால் துடுப்பே பிய்ஞ்சு போச்சு. விமானத்தில் இருந்த 260 பேர், தரையில் 5 பேர்... யாரும் பிழைக்கலை. தேவையில்லாத அளவுக்கு ரட்டரை மிதிச்சதுதான் காரணம்னு விசாரணை அறிக்கை சொல்லுச்சு. எப்ப மிதிக்கணும்னு தெரியறதை விட, எப்ப மிதிக்கக் கூடாதுன்னு தெரியறது முக்கியம் மக்களே.

ராக்கெட் பார்ட்டிகளே...

மாப்ளேக்கு ராத்திரியானா விண்வெளி. 'ஆர்பிட்டர்'னு ஒரு சிமுலேட்டர். மார்ட்டின் ஷ்வைகர்ங்கிறவர் 2000-த்தில் வெளியிட்டது, முழுக்க இலவசம். அப்புறம் 'கெர்பல்'. ''மாமா, அதுக்கும் பெடல் உதவுமே''ன்னான்.

கொஞ்சம் யோசிங்க. காற்றே இல்லாத இடத்தில் சுக்கான் எதைத் தள்ளும்? அங்கே சின்னச் சின்ன ராக்கெட் பீச்சல்கள்தான் ஓடத்தைத் திருப்புது. நிஜ விண்வெளி வீரங்களைப் பாருங்க. அப்போலோவில் வலது கையில் ஒரு பிடி: முன்பின் அசைச்சா மூக்கு ஏறி இறங்கும், பக்கவாட்டில் சாய்ச்சா ஓடம் உருளும், பிடியை முறுக்கினா மூக்கு திரும்பும். முன்னால, பின்னால, பக்கவாட்டில் நகர்த்த இடது கையில் இன்னொரு பிடி. ஸ்பேஸ் ஷட்டிலில் பெடல் இருந்தது உண்மை. ஆனா 1981-லிருந்து 2011 வரை 135 தடவை பறந்ததில், அதுக்கு வேலை பூமிக்குத் திரும்பி வந்த பிறகுதான். விமானம் மாதிரி தரையிறங்கி ஓடுபாதையில் ஓடறப்போ. 2025 ஜூனில் நம்ம சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனாரே, அந்த டிராகன் ஓடத்தில் தொடுதிரைதான்.

அதனால முறுக்குற வசதி உள்ள ஜாய்ஸ்டிக் உங்ககிட்ட இருந்தா, விண்வெளிக்கு அதுதான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கு. காசு மிஞ்சினா இடது கைக்கு ரெண்டாவது ஸ்டிக் வாங்குங்க. நகர்த்தற மூணு திசையும் அதில் அடங்கும். பெடல் தர்றதோ ஒரே ஒரு திசை. 'எலீட் டேஞ்சரஸ்' மாதிரி கேம்களில் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பறதை வேணும்னே மெதுவா வச்சிருக்காங்க. சாய்ச்சு, மேலே இழுத்தாத்தான் வேகம்.

ஒரு வார டெஸ்ட்

மாப்ளேக்கு நான் வச்ச பரீட்சை இது. நீங்களும் எழுதலாம், அரியர் விழாது!

1. ஒரு நோட்டில் ஒரு வாரம் குறிங்க: எந்த விமானம், எத்தனை நிமிஷம், அதில் ரட்டர் எத்தனை நிமிஷம்.

2. சிமுலேட்டரில் 'ஆட்டோ ரட்டர்' உதவி இருந்தா அணைச்சுடுங்க. அது ஆன்ல இருக்கிற வரைக்கும் உங்க காலுக்கு என்ன குறைன்னே தெரியாது.

3. வால் சக்கர விமானம் ஒண்ணை ஓட்டிப் பாருங்க. 'டிசிஎஸ் வேர்ல்டு'ல டிஎஃப்-51 மஸ்டாங் இலவசமாவே கிடைக்குது. 'ஃப்ளைட்கியர்' முழுசுமே இலவசம்.

4. முறுக்குற ஸ்டிக்கில் பக்கக் காற்று லேண்டிங் பத்து தடவை. மூக்கைத் திருப்ப முறுக்கும்போது கை தெரியாம ஸ்டிக்கையும் சாய்ச்சு, இறக்கை ஆடுதா? ஆடினா, கால் உதவிக்கு வரவேண்டிய நேரம்.

5. கம்ப்யூட்டர் திணறுதா? படம் விட்டு விட்டு ஓடுதா? அப்ப முதல்ல ரேம், கிராஃபிக்ஸ் கார்டு. படம் நிக்கும்போது தங்கப் பெடல் வாங்கி மிதிச்சாலும் ஓடுபாதை எங்கேன்னு தெரியாது.

மாப்ளே நோட்டில் என்ன இருந்தது தெரியுமா? மதுரை-சென்னை ஏர்பஸ் ஏழு தடவை. ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். அதில் ரட்டர் ரெண்டு நிமிஷம் கூட இல்லை. மீதி எல்லாம் ஆட்டோ பைலட். ராத்திரி ஆர்பிட்டர், அதில் காலுக்குச் சுத்தமா வேலை இல்லை. மஸ்டாங் மட்டும் நாலு தடவை, நாலு தடவையும் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள்ள. ஆனா அந்த நாலு வரிக்குப் பக்கத்தில்தான் பய பேனாவால் ரெண்டு கோடு போட்டு 'செம'ன்னு எழுதி வச்சிருந்தான்.

வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டா...

நோட்டில் புரொப்பெல்லரும் ஹெலிகாப்டரும் நிறைஞ்சிருந்தா தாராளமா வாங்குங்க. சில விஷயம் மட்டும் பார்த்துக்குங்க. நுனி பிரேக் தனித்தனியா இருக்கணும். ரெண்டு மிதிக்கும் நடுவில் இடைவெளி வேணும். கால் ஒட்டி உட்கார்ந்தா அரை மணி நேரத்தில் முட்டி வலிக்கும். அடியில் கனம் இருக்கணும். சிமென்ட் தரையில் மிதிச்சா பெடல் ஒரு பக்கம் ஓடும், சக்கர நாற்காலி ஒரு பக்கம் ஓடும். சாதாரண நாலு கால் நாற்காலி உத்தமம்! செகண்ட்ஹேண்ட் வாங்கினா, கம்ப்யூட்டரில் மாட்டி, மெதுவா இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தள்ளிப் பாருங்க. திரையில் கோடு துள்ளினா உள்ளே பொட்டென்ஷியோமீட்டர் தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

இன்னொரு வழியும் இருக்கு, மெக்கானிக்கல் மக்களே. நடுவில் போல்ட் போட்ட ஒரு மரக்கட்டை, ரெண்டு முனையிலும் ரெண்டு பாதம். 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டினாரே, அவர் காலடியிலும் இந்த மாதிரி ஒரு கட்டைதான். நடு அச்சில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர், ஒரு ஆர்டுயினோ புரோ மைக்ரோ. அதில் புரோகிராம் ஏத்திட்டா கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக்னே நம்பிடும். பொட்டென்ஷியோமீட்டர் சுமார் 270 டிகிரி சுத்தும், கட்டை 40 டிகிரிதான் அசையும். 1024 படியில் உங்களுக்குக் கிடைக்கிறது 150 சொச்சம். கவலை வேணாம், பழக அது போதும். நுனி பிரேக்தான் இருக்காது. அதை ஒரு பட்டனில் வச்சுக்க வேண்டியதுதான்.

கடைசியா ஒரு கேள்வி

மொட்டை மாடியில் படுத்துக்கிட்டு இருந்தோம். மேலே ஒரு விமானம் சிவப்பு விளக்கை மினுக்கிக்கிட்டுப் போச்சு. நான் மெல்லக் கேட்டேன்: ''மாப்ளே, பெடல் வாங்கினா பைலட் ஆகிடலாம்னு ஒரு நினைப்பு இருக்கோ?''

ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம், ''லைசென்ஸுக்கு ஆகிற காசு நமக்கு எங்கே மாமா... இதையாவது மிதிச்சுக்கலாம்னுதான்''னான்.

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. இருந்தாலும் பொய் சொல்லலை. நம்ம நாட்டில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் நிஜமாப் பறந்திருக்கணும். வீட்டில் சிமுலேட்டர் முன்னாடி உட்கார்ந்த ஒரு மணி நேரம் கூட அந்தக் கணக்கில் சேராது. நம்ம பெடலில் காற்றின் கனம் இல்லை, முதுகில் உணர்ற ஆட்டமும் இல்லை. ஆனா பந்து ஏன் ஓடுது, மூக்கு ஏன் இழுக்குதுன்னு உனக்கு இப்ப தெரியும். அதைச் செய்யற மெஷினை உன்னால் வரைய முடியும். நீ படிக்கிற படிப்புக்கு அது சின்ன விஷயமா?

மறுநாள் காலையில் பய அக்காகிட்ட நேராப் போய், ''அம்மா, வத்தல் காசு வேணாம். வச்சுக்க''ன்னுட்டான். அக்கா என்னைப் பார்த்துச்சு. நான் வத்தலைப் பார்த்தேன்.

இந்த வாரம் போன். அருப்புக்கோட்டையில் தறிச் சாமான் செய்யற ஒரு ஆசாரிகிட்ட வேப்பங்கட்டை கடைஞ்சு வாங்கியிருக்கானாம். நடுவுக்குத் திரும்பி வர சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் ரெண்டு. எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள்ள. ''எதுக்குத் தம்பி, தறிக்கா?''ன்னு ஆசாரி கேட்டிருக்கார். ''இல்லண்ணே, ஏரோபிளேனுக்கு''ன்னிருக்கான். அவர் ஒரு கணம் பார்த்துட்டு, ''அப்ப குதிகால் வைக்க இடம் விடணும்''னு இன்னும் ரெண்டு இன்ச் சேர்த்துக் குடுத்தாராம்!

மஸ்டாங் ஆறாவது தடவை ஓடுபாதையிலேயே நின்னுடுச்சாம். 14,000 பத்திரமா பேங்கில் இருக்கு. ஆறு மாசம் கழிச்சும் தினமும் கட்டையை மிதிச்சுக்கிட்டு இருந்தா நிஜப் பெடல் வாங்கிக்கன்னு சொல்லியிருக்கேன். அப்ப நானும் கொஞ்சம் போடுறதா வாக்கு. (இதைப் படிச்சுட்டு ஞாபகப்படுத்திடாத, மாப்ளே!)

சரி, உங்க வீட்டில் வெங்காயக் கூடை மாட்டியிருக்கிற ஐட்டம் எது? எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்... பை பை!